மந்தைக்கு ஒரு நகல்

நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் புருஷனுக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. டி. கல்லுப்பட்டியிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி, பருத்தியும் சோளமும் விளையும் கரிசல் ஊர் அது. ஊர் கூடும் மந்தையைத் தாண்டி, கிணற்றடிக்குப் பக்கத்தில், ஓடு வேய்ந்த ஒற்றை அறைக் கட்டிடம் ஒன்று இருந்தது. முட்டு வீடு என்பார்கள். மாத விலக்கு வந்த பெண்கள் ஐந்து நாள் அங்கேதான் தங்க வேண்டும். வீட்டிலிருந்து சோறு வரும். வாசலில் தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். ஆறாம் நாள் விடியலில் தலைமுழுகிவிட்டு வீடு திரும்பலாம். ஆக, இந்த மாதம் யார் வந்தாள், யார் வரவில்லை என்பது பள்ளிக்கூட வருகைப் பதிவேடு போல எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

நான் திருமங்கலத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். கல்யாணமான முதல் மாதம் அந்த வாசலில் நின்று அழுதேன். "அழுதா அஞ்சு நாளு மூணு நாளா ஆயிருமா? உள்ள வா கழுத" என்று கையைப் பிடித்து இழுத்தவள் மதினி. என் புருஷனின் பெரியப்பா மகள், உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எப்படியோ அவளுக்கும் எனக்கும் நாள் ஒன்றாகவே வந்தது. அவள் ஒரு நாள் முந்திப் போவாள், நான் மறுநாள் போவேன். எங்களை முட்டுக் கூட்டாளிகள் என்று கேலி செய்வார்கள்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு அந்த வீடு பிடித்துப் போனது. பருத்தி எடுத்து ஒடிந்த முதுகுக்கு அங்கே மட்டும்தான் ஓய்வு. மாமியார் குரல் எட்டாத ஒரே இடமும் அதுதான். தாயம் ஆடுவோம். புருஷன்மாரைப் போல நடந்து காட்டுவோம். மதினி என் புருஷனைப் போல வேட்டியைத் தூக்கிப் பிடித்து நடந்து காட்டினால் எனக்குச் சிரிப்பில் வயிறு வலிக்கும். அவள் துணியும் என் துணியும் கிணற்றடிக்குப் பின்னால் ஒரே வேலிமுள்ளில்தான் காயும். பிறந்த வீட்டில் கூட என்னை அந்த அளவுக்கு அறிந்தவர்கள் கிடையாது.

சட்டம் என்ற சொல்லை அந்த ஊரில் நான் முதலில் கேட்டதும் அதே வீட்டில்தான். எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸம்மா ஊர் ஊராக வருவார். கெட்டிக்காரி, தெருத் தெருவாக அலையாமல் நேரே முட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். ஐந்தாறு பெண்கள் கையில் வேலையில்லாமல் அகப்படும் இடம் வேறு எது? வேண்டாத கர்ப்பத்தை ஆஸ்பத்திரியில் டாக்டர் கையால் கலைத்துக்கொள்ளலாம், அதற்குச் சட்டம் வந்து பல வருஷமாகிறது, பதினெட்டு வயதானவளுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும், விஷயம் வெளியே போகாது என்று அவர் சொன்னார்.

"வயித்துக்கெல்லாமா சட்டம் போடுறாய்ங்க?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மதினிதான் சிரிக்காமல், "நெசமாவே வெளிய தெரியாதா நர்ஸம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் மேலத்தெருவில் ஐந்து பிள்ளை பெற்ற ஒருத்தி வயிற்று வலியில் செத்துப்போனாள். வயிற்று வலி என்பது ஊருக்குச் சொன்னது. கருவைக் கலைக்க வைத்துக்கொண்ட எருக்கங்குச்சி என்பது முட்டு வீட்டில் அத்தனை பேருக்கும் தெரியும். ஊர்ப் பெரியவர்கள் எழவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து காப்பி குடித்து, "விதி முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஏன், எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. வாயைத் திறக்காமல் செத்தால் எங்கள் ஊரில் எந்தக் குற்றமும் கிடையாது.

என் கதைக்கு வருகிறேன். இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம் நடக்கும்போது எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்து மதுரையிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருஷப் படிப்பு. ஜூன் மாத நடுவில் சேர வேண்டும். முடித்தால் டீச்சர். அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மடிப்பு கிழிந்து பின்னால் ஒட்டுப் போட்டு வைத்தேன். அதே பங்குனியில் எனக்கு நாள் தள்ளிப் போனது. கர்ப்பிணிகளைச் சேர்க்க மாட்டோம் என்று கடிதத்திலேயே ஒரு வரி இருந்தது.

புருஷனிடம் சொன்னேன். கல்லுப்பட்டியில் உரக்கடை வைத்திருந்தார். நாலு எழுத்துப் படித்தவர். தினமும் பேப்பர் படிப்பவர். என்னைப் பயிற்சிக்கு மனுப் போடச் சொன்னதே அவர்தான். "இதுக்கெதுக்கு மொகத்தத் தூக்கி வச்சிருக்க? சட்டந்தேன் இருக்குல்ல. போயிட்டு வந்துருவோம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. சட்டம் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம் இருக்கும்போது எனக்கு என்ன கவலை என்று நினைத்தேன். அப்படி நினைத்த அந்த முட்டாள் பெண்ணை இப்போது பார்த்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

ஊர்க் கணக்கை என்ன செய்வது? அதற்கும் அவரே வழி சொன்னார். "நீ எப்பயும் போல முட்டு வீட்டுக்குப் போயிரு. யாருக்குத் தெரியப் போகுது?" விலக்கு வராமலே விலக்கு வீட்டுக்குப் போவது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் சோற்றையே பூசணிக்காயில் மறைக்கப் போனேன். பங்குனியில் ஐந்து நாள், சித்திரையில் ஐந்து நாள், வழக்கமான தேதியில் போய் உட்கார்ந்தேன். முதுகு வலிப்பதாக முனகினேன். தினமும் காலையில் சுத்தமான துணியை நனைத்துக் கசக்கி, பிழிந்து, வேலிமுள்ளில் காயப் போட்டேன்.

சித்திரையில் மூன்றாம் நாள், மதினி என் துணிக்குப் பக்கத்தில் தன் துணியை விரித்தாள். இரண்டையும் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் துணியை எடுத்து என்னுடையதன் மேலாகப் போட்டு மூடினாள். அன்று அவள் மீது எனக்கு வந்த அன்பை இதுவரை வேறு எந்த மனுஷி மேலும் நான் உணர்ந்ததில்லை.

வைகாசி பிறந்ததும், திருமங்கலத்தில் அப்பாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், தெரிந்த முகம் எதிர்ப்படும் என்று, ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்ல மனுஷி. என்னைத் தனியாக உட்கார வைத்து, "நீயா வந்தியா, கூட்டிட்டு வந்தாங்களா?" என்று கேட்டார். நானாக வந்தேன் என்றேன். படிவத்தில் காரணம் எழுத வேண்டும். கல்யாணமானவள் என்றால் கர்ப்பத்தடைச் சாதனம் பழுதானது என்று எழுதலாமாம். எங்களிடம் நம்பிக்கையைத் தவிர வேறு சாதனம் எதுவும் இருந்ததில்லை. டாக்டரம்மா யோசிக்காமல் "சாதனம் பழுது" என்று எழுதினார். என் கல்யாணத்தைப் பற்றி அரசாங்கத் தாளில் எழுதிய ஒரே உண்மை அதுதான் என்று பின்னால் தோன்றியது.

நான் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா தாளை என் புருஷன் பக்கம் நகர்த்தினார். "சட்டப்படி ஒங்க கையெழுத்து வேண்டாம். ஆனா நாளைக்கு 'எனக்குத் தெரியாம செஞ்சுட்டா'ன்னு நீங்க ஆளக் கூட்டிட்டு வந்து என் ஜன்னல ஒடச்சா நான் என்ன பண்றது? இங்க வந்த எல்லார்கிட்டயும் வாங்குறதுதான்" என்றார். என் புருஷன் சிரித்துக்கொண்டே வாங்கி, என் பெயருக்குக் கீழே, என் எழுத்தைவிடப் பெரிதாக, கடை ரசீதில் போடுவது போல வாலை நீட்டிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாலைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரில் எந்த ஆம்பளை தன் பெண்டாட்டிக்காக இப்படிப் போடுவான்?

டாக்டரம்மா அந்தத் தாளை ஒரு உறைக்குள் வைத்து ஒட்டி, மேலே 'ரகசியம்' என்று எழுதினார். அதுவும் சட்டமாம். உறை ஒரு இரும்பு பீரோவுக்குள் போனது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

மூன்று நாள் அப்பா வீட்டில் படுத்திருந்து எழுந்து போகச் சொன்னார் டாக்டரம்மா. ஆனால் மறுநாள் ஊரில் காப்புக் கட்டு. அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. நான் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். அதனால் புருஷன் அன்று மத்தியானமே என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த பிறகுதான் எங்கள் கணக்கில் இருந்த ஓட்டை தெரிந்தது. எனக்கு உதிரம் போய்க்கொண்டிருந்தது. முறைப்படி நான் முட்டு வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் நான்தான் இரண்டு வாரம் முன்னால் 'விலக்காகி' வந்துவிட்டேனே! மறுபடி எப்படிப் போவேன்? வீட்டிலேயே இருந்தேன். காப்புக் கட்டிய ஊரில், தீட்டோடு, அடுப்படியில்.

மூன்றாம் நாள் காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். மாமியார் ஓடி வந்து தூக்கினார். என் சேலையைப் பார்த்தார். பார்த்ததும் தூக்கிய கையை விட்டுவிட்டார்.

"ஏத்தா, நீ இப்பத்தான முழுகிட்டு வந்த? பதினஞ்சு நாளுகூட ஆகலயே. கணக்கு இடிக்குதே" என்றார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மதுரைக்குப் போன பஸ்ஸில் எங்களைப் பார்த்தவர் இருந்தார். மத்தியானத்துக்குள் நான் முட்டு வீட்டில் தனியாக இருந்தேன். பிள்ளைகள் இரண்டும் மாமியாரிடம் இருந்தன.

மறுநாள் காலை மந்தையில் கூட்டம் போட்டார்கள். நான் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். அம்மன் கோயில் முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் சூடம் வைத்திருந்தார்கள். முதலில் மதினியைக் கூப்பிட்டார்கள். கூட இருந்தவள் அவள்தானே.

"நீயும் அவளும் ஒண்ணாத்தான போவீங்க? போன ரெண்டு மாசமும் அவ வெலக்கா இருந்தாளா இல்லையா? சூடத்த அணைச்சுச் சொல்லு."

சூடத்தைக் கொளுத்தினார்கள். மதினி என் பக்கம் பார்க்கவில்லை. உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். "அவ துணி நனைஞ்சுச்சு. ஆனா ரத்தத்துல நனையல. ரெண்டு மாசமும்" என்றாள்.

பத்துப் பெண்கள் பார்க்காததை அவள் ஒருத்திதான் பார்த்திருந்தாள். பார்த்ததை மூடியவளும் அவள்தான். திறந்து காட்டியவளும் அவளே ஆனாள். கூட்டத்தில் ஒரே சலசலப்பு. வயிற்றோடு முட்டு வீட்டுக்குள் போனாளாமே, அம்மன் தாங்குமா என்றார்கள்.

ஆனாலும் எனக்குப் பயம் இல்லை. இன்னும் என் புருஷன் இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்தான் கூட்டிப் போனேன், நானும் கையெழுத்துப் போட்டேன், அது அரசாங்கச் சட்டம் என்று. ஊர்ப் பெரியவர் கேட்டார். "ஏப்பா, ஒனக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சா?"

அவருக்குச் சூடம் கொளுத்தவில்லை. ஆம்பளைக்கு எதற்குச் சூடம், வாய்ச்சொல் போதாதா? அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மாமியாரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. அப்பன் வீட்டுக்குப் போறேன்னுதான் சொன்னா. பஸ் ஏத்திவிடத்தேன் கூடப் போனேன். தெரிஞ்சா விட்டிருப்பனா?"

'தெரியாது' என்பதைக்கூட நான் பொறுத்திருப்பேன். பயந்தவன் சொல்வது அது. 'தெரிஞ்சா விட்டிருப்பனா' என்பது பயந்தவன் சொல்வதில்லை. அதை அவர் யோசித்து வைத்திருந்தார். நான் புளியமரத்தடியிலிருந்து கத்தினேன். "கையெழுத்துப் போட்டீங்கள்ல? வால நீட்டிப் போட்டீங்கள்ல?" என் சத்தத்தைக் கேட்டுக் கூட்டம் திரும்பிப் பார்த்ததே ஒழிய, என்ன கையெழுத்து என்று யாரும் கேட்கவில்லை. தீட்டுக்காரி பேச்சு மந்தையில் ஏறாது.

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை. எத்தனை நாள் விலக்கி வைப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை. மாத விலக்கு என்றால் ஐந்து நாள். இது என்ன தீட்டு? "பேறுகாலத் தீட்டா, எழவுத் தீட்டா?" என்று ஒருவர் கேட்டார். பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லையே என்றார் இன்னொருவர். சட்டம் எழுதியவர்கள் பன்னிரண்டு வாரம், இருபது வாரம் என்று கணக்காகத்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் மந்தைக்கு எத்தனை நாள் என்று எழுத மறந்துவிட்டார்கள். கடைசியில், "ரெண்டையும் சேத்து முப்பது வச்சுக்கிருவோம், அம்புட்டுத்தேன்" என்று முடித்தார்கள். காப்பை அவிழ்த்து, மறுபடி கட்டினார்கள்.

முப்பதில் இருபத்தாறாம் நாள் நான் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டிய நாள்.

ஓடிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானே என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். குழந்தை அவர்கள் கையில் இருந்தது. பத்து மாதக் குழந்தை. என் பால் தீட்டு, குடிக்கக் கூடாது என்று மாமியார் புட்டிப்பால் கொடுத்தார். சாயங்காலம் எதிர்ப் பாதையில் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். அது என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழும். எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனையும். ஒரு வாரம் கழித்து அதுவும் நின்றது. வெளியே காலெடுத்து வைத்தால் பிள்ளைகளை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருபத்தாறாம் நாள் ஒன்பது மணி பஸ் மந்தையில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இடையில் மதினிக்கு நாள் வந்தது. வந்து என் பக்கத்தில்தான் படுத்தாள். வேறு இடம் கிடையாது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஐந்து நாளும் பேசவில்லை. தலைமுழுகப் போகும் காலையில், "சூடத்தக் கொளுத்திட்டாங்கடி. எனக்கும் ரெண்டு புள்ள இருக்கு" என்றாள். உனக்குப் பிள்ளை இருக்கிறது, எனக்கு என்ன, எருமைக் கன்றா இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்தேன்.

முப்பத்தோராம் நாள் தலைமுழுகி, வீட்டுக்குப் போய், இரண்டு பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் பக்கம் எங்கே கிளம்பினாலும் "வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். நான் மாமியாரிடம் "போறேன்" என்றேன். அவர் முகம் மாறியது. புருஷன் உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை.

பிள்ளைகளை அப்பா வீட்டில் விட்டுவிட்டு மறுநாள் நேரே மதுரைக்குப் போனேன். டாக்டரம்மா முன்னால் நின்று, அந்தத் தாளைக் கொடுங்கள், ஒரே ஒரு நாள் ஊரில் காட்டிவிட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொடுக்க முடியாதும்மா. ஒட்டின உறைய யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சட்டம். கொஞ்ச வருஷம் வச்சிருந்துட்டு அழிச்சிருவோம். எல்லாம் ஒன்னக் காப்பாத்தத்தான்."

"யார்கிட்டருந்து டாக்டரம்மா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பீரோ என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அந்த உறைக்குள் என் புருஷன் கையெழுத்தின் நீண்ட வால் மடங்கிக் கிடந்தது. சட்டம் கேட்காத கையெழுத்தை ஊருக்குப் பயந்து வாங்கினார்கள். வாங்கியதை ஊருக்குக் காட்டாமல் சட்டம் பூட்டி வைத்தது. நடுவில் அவர் சட்டை கசங்காமல் வெளியே போய்விட்டார். ரகசியம் காப்பாற்றப்பட்டது அவருக்குத்தான். என்னுடையது மந்தையில் சூடத்தோடு எரிந்தது.

சட்டத்தின் மேல்தான் எனக்கு நீண்ட நாள் கோபம் இருந்தது. புருஷன் மேல் வந்த கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது, திட்டித் தீர்த்தேன். அவர் சந்தை நாளில் திருமங்கலம் வந்தால் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு தடவை, "ஊரு முன்னாடி வேற என்ன சொல்லச் சொல்ற? நாளைக்கு அங்கதான கடை வச்சுப் பொழைக்கணும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்டவன் என்றால் நான் முதலிலேயே நம்பியிருக்க மாட்டேன். சட்டம் எங்கோ டெல்லியில் உட்கார்ந்து, "நீ தைரியமாகப் போ, நான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நான் திரும்பிப் பார்த்தபோது மூன்று மைலுக்கு முன்பே, கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிவிட்டிருந்தது.

டீச்சர் ஆகவில்லை. மறு வருஷம் மனுப் போட்டேன், இடம் கிடைக்கவில்லை. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து, தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு மனு எழுதுபவரின் மேஜைக்குப் பக்கத்தில் என் மெஷினைப் போட்டேன். பட்டா மனு, சாதிச் சான்று மனு, காணாமல் போன கணவன் மனு என்று நாளெல்லாம் அடித்தேன். எந்த மனுவையும் கார்பன் வைக்காமல் அடிக்க மாட்டேன். "அசலைக் கொடுத்துட்டு நகலை வீட்ல வைங்க" என்று வருகிறவர்களிடம் ஓதுவேன். பக்கத்து மேஜைக்காரர் எனக்குக் கார்பன்காரம்மா என்றே பெயர் வைத்தார்.

ஏழெட்டு வருஷம் போனது. ஊரைப் பற்றிய செய்தி வரும். முட்டு வீட்டுக்கு டியூப் லைட் வந்துவிட்டதாம். அரசாங்கமே குழாயும் போட்டுக் கொடுத்ததாம். கேட்டுச் சிரித்தேன். சட்டத்தில் ஒரு கால்புள்ளி கூட மாறவில்லை, முட்டு வீட்டுக் கணக்கிலும் ஒரு நாள் கூடக் குறையவில்லை. சட்டமும் ஊரும் சண்டை சச்சரவின்றி ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு மெஷின் முன்னால் மூன்று பேர் வந்து நின்றார்கள். மதினி, அவள் மகள், மருமகன். மதினிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. மகளின் இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. இரண்டுக்கும் ஒரு வயதுகூட வித்தியாசம் இருக்காது.

"இவளுக்கு மறுபடி நாளு தள்ளிருச்சு" என்றாள் மதினி. "போன பேறுகாலத்துலயே செத்துப் பொழச்சா. அந்த டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறியா? எனக்கு வழி தெரியாது."

வழி எனக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்குத் தெரியாதா? வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலே வேடிக்கை பார்த்தாலும் பரவாயில்லை என்று எழுந்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மந்தைக் கூட்டம் நடந்தபோது பதின்மூன்று வயது இருக்கும் அவளுக்கு. "அத்தை, அன்னைக்கு நீங்க கத்துனது எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

மதினி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "பொய் சொல்லியிருக்கலாம் அன்னைக்கு. அம்மன் ஒண்ணும் செஞ்சிருக்காது. மனுசங்களுக்குத்தேன் பயந்தேன், அம்மன் மேல பழியப் போட்டுட்டேன்." மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

மருமகனைப் பார்த்தேன். லாரி செட்டில் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன். என் புருஷனும் நல்லவர்தான்.

"தம்பி, ஒங்களுக்குச் சம்மதந்தான?"

"சம்மதந்தாங்க. ஆஸ்பத்திரில கையெழுத்துப் போடுறேங்க" என்றான் உடனே.

"போடுவீங்க" என்று சொல்லி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் புதுக் கார்பன் வைத்து மெஷினில் ஏற்றினேன். இன்னார் ஆகிய நான், என் மனைவியின் உடல்நிலையை உத்தேசித்து, நானே உடன் அழைத்துச் சென்று, என் முழு அறிவோடும் சம்மதத்தோடும் இந்தச் சிகிச்சையைச் செய்விக்கிறேன் என்று அடித்தேன். 'என் முழு அறிவோடும்' என்ற இடத்தில் எழுத்துக்கள் தாளில் பள்ளம் விழும் அளவுக்கு அடித்திருக்கிறேன். மெஷினிலிருந்து உருவி, தாள்களைப் பிரிக்காமல், பேனாவோடு அவன் முன்னால் வைத்தேன்.

"இது எதுக்குங்க? அங்கதான் போடப் போறேனே?"

"அது ஆஸ்பத்திரிக்கு. இது மந்தைக்கு."

அவன் பேனாவைப் பிடித்தபடி நின்றான். அந்த ஒரு நிமிஷத்தில் அவன் முகத்தில் அம்மா, அப்பா, ஊர்ப் பெரியவர், அம்மன் கோயில் எல்லாம் வந்து போவதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் போடுவதற்கு யோசிக்காதவன் இங்கே யோசித்தான். அந்தத் தாள் உறைக்குள் போகும், இந்தத் தாள் போகாது என்பது அவனுக்கும் புரிந்துவிட்டது. அவன் பெண்டாட்டியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் தோளிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டாள், கை ஓய்வாகட்டும் என்று.

போட்டான். அழுத்திப் போடுங்க என்றேன், கீழே நகலிலும் விழ வேண்டுமே.

அசலை நாலாக மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து, டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைக்கச் சொன்னேன். பிறகு மெஷினுக்கு உறை போட்டுவிட்டு அவர்களோடு மதுரை பஸ் ஏறினேன்.

நகல் என்னிடம் இருக்கிறது. ஒட்டுப் போட்ட அந்தப் பயிற்சிப் பள்ளிக் கடிதத்துக்கு மேலே வைத்திருக்கிறேன். என் புருஷனின் வால் நீண்ட கையெழுத்தை எந்த வருஷம் எங்கே எரித்தார்களோ தெரியாது. இந்தப் பையனுடையதை இன்றுவரை யாரும் கேட்டு வரவில்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து விரித்து, கார்பன் மை மங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்கிறேன்.